கெட்டியான சூப் வேறு, வயிறு நிறைக்கும் சூப் வேறு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இரவில் சோற்றுக்குப் பதிலாக வீட்டில் காய்கறி சூப் வைக்கிறீர்கள். கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் முதலில் கொழகொழவென்று நிற்கிறது, சிறிது நேரத்தில் நீர்த்துவிடுகிறது. குடித்த ஒரு மணி நேரத்தில் நான்கு பேருக்கும் பசிக்கிறது. மார்கழி முழுவதும் அம்மா வெங்காயமும் பூண்டும் சேர்த்துக்கொள்ளமாட்டார், அவை இல்லாமல் ருசி வருமா என்கிறீர்கள். கடைசி வரியில், அம்மாவின் முழங்கால் வலிக்கு முடவாட்டுக்கால் என்ற மலைக்கிழங்கின் சூப் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சூப்பைக் கெட்டியாக்குவது எப்படி என்று தலைப்பு வைத்திருந்தாலும், ஒரு கிண்ணம் சூப் ஒரு வேளை உணவாக நிற்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நிற்கும். ஆனால் கெட்டித்தன்மையைத் தேடிப் போனால் நிற்காது.

நான் கல்லூரியில் மனையியல் படித்தவள். அதன்பின் சென்னை மேற்கு மாம்பலத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியின் சமையலறையை 26 ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். இரவு எட்டரைக்கு நனைந்துகொண்டு வருபவர்களுக்கு மழைக்காலத்தில் பெரும்பாலும் சூப்தான் வைப்போம். சமையலைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகும் இடங்களில் எது உறுதி, எது நம்பிக்கை என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கார்ன்ஃப்ளார் ஏன் உங்களைக் கைவிடுகிறது என்று பார்ப்போம். அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. அதன் நுண்மணிகள் ஏறக்குறைய 65, 70 டிகிரி சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கும் கெட்டித்தன்மை. அதற்குப் பிறகும் தளதளவென்று நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ, கரண்டியால் ஓயாமல் அடித்துக் கலக்கினாலோ, உப்பிய மணிகள் உடைந்து சூப் நீர்த்துவிடும். தக்காளியின் புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் உடையும். இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ருசி பார்த்த கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைக்கத் தொடங்கிவிடும். சூப் ஓரளவு ஆறிய பிறகு இப்படிச் செய்தால் சிறிது நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். எனவே கார்ன்ஃப்ளார் போடுவதானால் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஓரிரு நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் பசி அடங்காது, ஏனென்று கணக்குப் போட்டால் தெரியும். ஒரு பாத்திரம் சூப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 60 கலோரிதான். நான்கு கிண்ணத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 15. அரைக் கிலோ காய்கறியில் இருந்து ஆளுக்கு ஒரு 50 கலோரி வரும். புரதம் பெயரளவுக்குத்தான். இதைக் குடித்துவிட்டுப் பசிக்கிறது என்றால் உங்கள் வயிறு சரியாகத்தான் பேசுகிறது.

இதை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, விடுதியின் கீழ்த்தளம் முழுகிவிட்டது. சமையலறையிலிருந்து அடுப்பையும் ஒரு சிலிண்டரையும் மாடிக்குத் தூக்கிப்போனோம். கைக்குக் கிடைத்தவை ஒரு டப்பா பாசிப்பருப்பு, இரண்டு முழுப் பரங்கிக்காய், கொஞ்சம் கேரட், தக்காளி, இஞ்சி, மிளகு, சீரகம், நெய். கார்ன்ஃப்ளார் இல்லை, பால் இல்லை, மிக்ஸி ஓட மின்சாரமும் இல்லை. பருப்பை வறுத்து, பரங்கிக்காயோடு குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, மிளகைத் தட்டிப் போட்டு டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். ஈரத் துணியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் அன்று இரவு அதை மட்டுமே குடித்துவிட்டுத் தூங்கினார்கள். அதுவரை பல ஆண்டுகள் நான் மாவு கரைத்து ஊற்றிய சூப்புக்கு, மறுபடி தோசை இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள்தான் அவர்கள். அதன்பின் எங்கள் சமையலறையில் சூப்புக்குக் கார்ன்ஃப்ளார் வாங்கவில்லை.

ஆக, சூப்புக்கு உடம்பு கொடுப்பது பருப்பு. மேற்கத்திய சமையலில் இந்த இடத்தில் எலும்போ வெண்ணெயும் மைதாவும் சேர்ந்த கலவையோ இருக்கும். நமக்குப் பருப்புத் தண்ணீர் இருக்கிறது. ரசத்துக்குத் தெளிவு எடுக்கிறோமே, அதே அறிவுதான் இது. சூப் வெளியூர்ச் சரக்கு என்று அம்மா தயங்கினால் அவரிடம் சொல்லுங்கள்: மதராஸில் இருந்த ஆங்கிலேயர்கள் நம் மிளகுத் தண்ணீரைத்தான் 'மல்லிகடானி' என்று பெயர் திரித்துச் சூப்பாக்கி, தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள்.

நான்கு பேருக்கு இரவு உணவாக என்றால் 150 கிராம் பாசிப்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது; ஆகவே ஒரு கிண்ணத்துக்கு 9 கிராம் வரும். வெறும் வாணலியில், பொங்கலுக்கு வறுப்பதுபோல வாசனை வரும்வரை வறுங்கள், சிவக்கவிட வேண்டாம். பரங்கிக்காய் கால் கிலோ, அதாவது மஞ்சள் பூசணி. தோல் சீவித் துண்டாக்கி, பருப்போடு ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் முக்கால் லிட்டர் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் மூன்று நான்கு விசில் விடுங்கள். பாசிப்பருப்புக்கு ஊறல் தேவையில்லை. ஆவி அடங்கியதும் மத்தால் கடைந்தால் போதும், வழுவழுப்பாக வந்துவிடும்.

பருப்பு வேகவில்லை என்று இதே கேள்வியின் கீழ் இன்னொருவர் எழுதியிருந்தார். சென்னையில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று தண்ணீர். பல அடுக்குமாடி வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர்தான் குழாயில் வருகிறது. அதிலுள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். சூப்புக்கு மட்டுமாவது குடிக்கிற தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மற்றொன்று பழைய பருப்பு. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்தால் எத்தனை விசில் விட்டாலும் விதைபோலவே நிற்கும். தக்காளியையோ புளியையோ பருப்பு வேகும் முன்பே சேர்க்கவும் கூடாது, புளிப்பும் வேகவிடாது. சமையல் சோடா போட்டால் மசியும், உண்மைதான். ஆனால் பருப்பிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமினை அது அழித்துவிடும், வாயில் ஒரு சவர்க்கார ருசியும் நிற்கும். நான் போடுவதில்லை.

இப்போது வெங்காயம், பூண்டு பற்றி. அவை சூப்புக்கு இரண்டு வேலை செய்கின்றன: வதங்கும்போது சிவந்து ஓர் ஆழமான ருசியைத் தருகின்றன, தங்கள் மணத்தையும் தருகின்றன. மணத்தைப் பெருங்காயமும் இஞ்சியும் ஈடுகட்டும். ஆழமான ருசியை வேறு காய்களைச் சிவக்க வைத்துப் பெறலாம். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் அவசரப்படுகிறோம். காயை நேராகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால், 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறவே ஏறாது. காய் சிவந்து ருசி மாறுவது அதற்கு வெகு மேலே, 140 டிகிரியை ஒட்டித்தான். அகலமான இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நெய் விட்டு, பொடியாக நறுக்கிய கேரட்டும் முட்டைக்கோஸும் ஒரு 150 கிராம் போட்டு, மூடாமல், நெருக்கிப் போடாமல், எட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஓரங்கள் பழுப்பாக வேண்டும். பிறகு அதிலேயே மூன்று பழுத்த தக்காளியை விதையோடு நறுக்கிப் போட்டு, நீர் வற்றி நெய் பிரியும்வரை வதக்குங்கள். தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியை வீசாதீர்கள். தக்காளியின் ஆழமான ருசிக்குக் காரணமான குளூட்டமேட் என்ற பொருள் சதையைவிட அதில்தான் அதிகம். 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்து உமாமி என்று பெயரிட்டாரே, அந்தச் சுவைதான் இது. கடைசியில் கால் லிட்டர் வெந்நீர் விட்டு, வாணலியில் ஒட்டியிருப்பதை எல்லாம் சுரண்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். சூப்பின் நிறமும் ருசியும் அந்த ஒட்டலில்தான் இருக்கின்றன. அம்மா காளான் சாப்பிடுவார் என்றால் அதையும் இப்படியே சிவக்க வதக்கிச் சேர்க்கலாம். பல வீடுகளில் மார்கழியில் அதுவும் ஆகாது என்பதால் வற்புறுத்தவில்லை.

கடைந்த பருப்பில் இந்த வதக்கலை ஊற்றி, மெல்வதற்கென்று தனியாக ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு கைப்பிடி மக்காச்சோள முத்து சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எல்லாவற்றையும் அரைத்துவிடாமல் இப்படிக் கொஞ்சம் பல்லுக்குத் தட்டுப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள் அந்தச் சாப்பாட்டில் குறைவாக உண்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரைத்த சூப்பைவிடத் துண்டுகள் உள்ள சூப் கூடுதலாகப் பசி தாங்கும் என்பது விடுதியில் நான் கண்டது. அதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை வீசாமல் பருப்போடு குக்கரில் போட்டுப் பிறகு எடுத்துவிட்டால், சூப்புக்கு ஓர் இனிப்பு மணம் வரும். ஆனால் முட்டைக்கோஸையும் காலிஃப்ளவரையும் தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம், கந்தக வாடை வந்துவிடும். சூப்பில் உருளைக்கிழங்கு போட விரும்பினால் மத்தால் மட்டும் மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசைபோல இழுக்கும்.

மிக்ஸியில் அரைத்தே ஆகவேண்டும் என்றால் நன்றாக ஆறவிடுங்கள். சூடான சூப்பை ஜாரில் ஊற்றி மூடிச் சுற்றினால், உள்ளே கிளம்பும் ஆவி மூடியைத் தூக்கி எறியும். என் இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தாளிப்பு கடைசியில். ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம், பெருங்காயம், துருவிய இஞ்சி, கறிவேப்பிலை. மிளகை அப்போதே தட்டி, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். மிளகின் காரம் கொதித்தாலும் நிற்கும். மணம் ஆவியோடு போய்விடும். டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும் மிளகுத்தூளில் அந்த மணம் முன்பே போயிருக்கும். அரை மூடி எலுமிச்சையும் இறக்கியபின் பிழிந்தால் போதும். பால் அல்லது கிரீம் சேர்க்கிறவர்கள் தக்காளி அதிகமுள்ள சூப்பில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், அணைத்துவிட்டுச் சேர்க்கவேண்டும். இந்தச் சூப்புக்குப் பாலே தேவையில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சூப்பில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும். இந்த அளவுக்கு வாய்க்குச் சரியாக இருக்க இரண்டு தேக்கரண்டிப் பொடியுப்பு, அதாவது ஏறக்குறைய 11 கிராம் வேண்டியிருக்கும். ஒரு கிண்ணத்துக்கு 3 கிராமை நெருங்குகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டென்றால் உப்பைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சையையும் மிளகையும் கூட்டுங்கள், குறை தெரியாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தக்காளியும் பருப்பும் நிறைந்த இந்தச் சூப் பொருந்துமா என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும். இவற்றிலுள்ள பொட்டாசியம் எவ்வளவு ஆகும் என்பது அவரவருக்கு வேறுபடும்.

இப்படிச் செய்தால் நெய்யோடு சேர்த்து ஒரு கிண்ணம் 250 கலோரி அளவில் வரும். அம்மாவுக்கு இது போதும். கடுமையாக உழைத்துவிட்டு வருபவருக்கும் வளரும் பிள்ளைக்கும் போதாது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி வெந்த கொண்டைக்கடலை போடுங்கள், அல்லது கூடவே ஒரு சப்பாத்தி வையுங்கள். பார்லி கிடைத்தால் 50 கிராமை ஊறவைத்துப் பருப்போடு வேகவிடலாம். கெட்டித்தன்மையும் நார்ச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும், ஆறினாலும் நீர்க்காது. ராஜ்மா போடுவதானால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் முழுதாக வேகவைத்த பிறகே சூப்பில் சேர்க்கவேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள நச்சுப்புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். கொள்ளும் அருமையாக இருக்கும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள்; கொள்ளு உடம்பை இளைக்க வைக்கிறதோ இல்லையோ, பாசிப்பருப்பை நெருங்கும் அளவுக்குப் புரதம் உள்ள தானியம் என்பது நிச்சயம். அது வேக நேரமாகும், முதல்நாளே ஊறவேண்டும்.

சூப் சளியைத் தீர்க்குமா என்று கேட்டால், சூடான திரவம் அடைத்த மூக்கையும் கரகரத்த தொண்டையையும் சிறிது நேரம் ஆற்றும், மிளகு மூக்கை ஒழுகவைத்து இறுக்கத்தைத் தளர்த்தும். அந்த இதம் நிஜம். சளி அதன் நாட்களில்தான் போகும்.

முடவாட்டுக்கால் விஷயத்துக்கு வருகிறேன். அது கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தையும் தோலையும் சீவிவிட்டு, நசுக்கி, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்துச் சாறெடுப்பார்கள். சைவ ஆட்டுக்கால் சூப் என்று பெயர். ருசி எனக்குப் பிடிக்கும், அந்த மலைகளில் குளிருக்கு அதைக் குடித்திருக்கிறேன். மூட்டுவலி தீரும் என்பது மலைவாழ் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருவது, அதை நான் மதிக்கிறேன். மருந்தாக அது நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். உணவாகக் குடிக்கட்டும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்த வேண்டாம். பூங்காக்களின் வாசலில் காலையில் விற்கும் வாழைத்தண்டு சூப்புக்கும் முருங்கைக்கீரை சூப்புக்கும் இதே பதில்தான். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு, எலுமிச்சை பிழிந்தால் உடம்பு அதைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் என்பது உறுதி. வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

மீந்ததை அடுப்பு மேடையிலேயே இரவு முழுக்க வைத்துவிடாதீர்கள். மார்கழியிலும் இங்கே இரவில் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, அந்தச் சூட்டில் பருப்பு கெட்டுப்போகும். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மறுநாள் எடுக்கும்போது களிபோல இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுக் கரைத்து, தளதளவென்று ஒரு கொதி வரவிட்டு இறக்கி, மிளகை மறுபடி புதிதாகத் தட்டிப் போடுங்கள்.